அந்தக் காதில் எண்ணெய் ஊத்தாதீங்க சாமி!

தேய்பிறை அஷ்டமி அன்று திருவண்ணாமலை கோயிலில் கால பைரவர் சந்நிதிப் பக்கம் போய்ப் பாருங்கள். மிளகு தீபம், வடை மாலை, செவ்வரளி என்று கூட்டம் நெரியும். பைரவருக்கு வாகனம் யார் என்று அந்தக் கூட்டத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கும்பிட்டு முடித்து ராஜகோபுரத்தைத் தாண்டி வெளியே வந்தால், தேர் நிற்கும் பக்கமாக அதே வாகனம் உட்கார்ந்திருக்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பின்னங்காலால் காதை வறட் வறட் என்று பிறாண்டிக்கொண்டிருக்கும். நடுநடுவே தலையை உதறும். காது மடல் கன்னத்தில் அடிபடும் சத்தம் பத்தடி தள்ளி நமக்கே கேட்கும்.

"ச்சூ, சொறி நாய், தள்ளிப் போ." அவ்வளவுதான். வாகனத்துக்கு நாம் செய்யும் மரியாதை முடிந்தது.

இந்த ஊர் இரக்கமில்லாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. நாய்க்குச் சமாதி கட்டிய ஊர் இது. ரமணாசிரமத்தில் 1948-ல் இறந்த பசு லட்சுமியின் சமாதிக்குப் பக்கத்திலேயே மானுக்கும் காகத்துக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. ரமணர் நாயை 'அது' என்று சொல்ல மாட்டார், 'அவன்', 'அவள்' என்றுதான் சொல்வார் என்று கூட இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 'பசங்களுக்கு'ச் சாப்பாடு ஆச்சா என்றும் விசாரிப்பாராம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களில் எத்தனை பேர் பையில் பிஸ்கட் பாக்கெட் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ஆக, பிரியத்துக்குப் பஞ்சமில்லை. பிரியத்தோடு என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

என்ன செய்கிறோம்? ஊத்துகிறோம்.

நாய் காதைச் சொறிந்தால் உடனே எதையாவது ஊத்து. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், மஞ்சள் தண்ணி. உண்ணி தெரிந்தால் மண்ணெண்ணெய். தோல் முழுக்கச் சொறி என்றால் மெக்கானிக் கடையில் இருந்து கழிவு ஆயில். கொஞ்சம் படித்த வீடு என்றால் யூ ட்யூப் பார்த்து வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு. ரொம்ப விவரமான வீடு என்றால் தாத்தாவுக்கு வாங்கி மிச்சம் வைத்த சொட்டு மருந்து. ஒரு டீக்கடைக்காரர் கோபமாகவே கேட்டார்: "காலங்காலமா எங்க பாட்டி ஊத்துனது சார், அதுல என்னா கெடுதல்?"

என்ன கெடுதல் என்று சொல்கிறேன். 'ட' என்ற எழுத்தை எழுதிப் பாருங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு இறங்கி, அப்படியே பக்கவாட்டில் திரும்புகிறது இல்லையா? நாயின் காதுக்குழாய் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. செங்குத்தாக இறங்கி, வளைந்து, உள்ளே போய் ஜவ்வில் முடிகிறது. நம் காது மாதிரி கிட்டத்தட்ட நேராக இல்லை. நீங்கள் ஊத்திய எண்ணெய் அந்த மூலையில் போய்த் தேங்கும். அழுக்கு, மெழுகு, ரோமம் எல்லாம் அதில் ஊறும். கதகதப்பு, ஈரம், இருட்டு, எண்ணெய்ப் பசை. பூஞ்சைக்கு இதைவிட வசதியான வாடகை வீடு கிடையாது. மாலசீசியா என்று ஒரு ஈஸ்ட், எண்ணெய்ப் பசையிலேயே வாழ்கிற ஜாதி. அதற்குப் பாட்டி வைத்தியம் என்பது விருந்து.

பஞ்சு சுற்றிய குச்சியும் அதே கதைதான். உள்ளே இருக்கிற அழுக்கை வெளியே எடுப்பதாக நினைத்து, 'ட'வின் மூலைக்குத் தள்ளிவிட்டு வருகிறோம். பெராக்சைடும் வினிகரும் ஏற்கெனவே பிறாண்டிப் புண்ணான தோலில் பட்டால் எப்படி இருக்கும் என்பதை, கையில் சிராய்ப்பு உள்ளவர்கள் எலுமிச்சம்பழம் பிழிந்து தெரிந்துகொள்ளலாம். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். நாய் அதை நக்கி உள்ளே போய், நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. கழிவு ஆயிலில் என்னென்ன உலோகக் கசடு இருக்கிறது என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். அவரே கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டுதான் பதில் சொல்வார்.

எல்லாவற்றையும் விட மோசமானது காரணம் தெரியாமல் ஊத்துவது. காது அரிப்பு என்பது ஒரே வியாதி இல்லை. காப்பித்தூள் மாதிரி கறுப்பாகப் பொடி உதிர்ந்தால் காதுப் பேனாக இருக்கலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்ன ஜந்து, ஒரு குட்டியிடம் இருந்து இன்னொன்றுக்கும், வீட்டுப் பூனைக்கும் தாவும். ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மூன்று வாரத்தில் பழையபடி வந்து நிற்கும். புளித்த நாற்றமும் பழுப்பு மெழுகுமாக இருந்தால் ஈஸ்டைச் சந்தேகப்படலாம். சீழ் என்றால் பாக்டீரியா. திடீரென்று ஒரு காதை மட்டும் உதறி உதறிக் கத்தினால் உள்ளே ஒரு புல் கதிரோ, உண்ணியோ மாட்டியிருக்கலாம். தெரு நாய்க்குக் காது நுனியில் ஈ கடித்துக் கடித்துப் பொருக்கு தட்டும். அந்தப் புண்ணில் ஈ முட்டை வைத்தால் புழு. இத்தனையும் இல்லாமல், இரண்டு காதும் வருஷம் முழுக்க அரித்தால், கோளாறு காதிலேயே இல்லை, உடம்பில். அலர்ஜி! தூசு, பூச்சிக்கடி, தினம் தினம் தட்டில் விழுகிற கோழி, மாட்டிறைச்சி, பால், முட்டை என்று எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரே வகைச் சாப்பாட்டை எட்டு வாரம் விடாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் கூடாது. நம் வீடுகளில் எட்டு நாள் தாண்டுமா?

இவற்றில் எது என்று கண்டுபிடிக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். ஓட்டோஸ்கோப் என்று காதுக்குள் பார்க்கிற ஒரு டார்ச். பஞ்சில் கொஞ்சம் அழுக்கை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை. பத்து நிமிஷ வேலை. ஆனால் நடப்பது என்ன? நாயை மேஜை மேல்கூட ஏற்றாமல், வாசலில் நிற்க வைத்தே சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டரை நானே பார்த்திருக்கிறேன். எந்த ஊர், யார் என்பது வேண்டாம். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கொல்லி, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த சொட்டு மருந்து. எதற்காவது கேட்காமலா போகும் என்ற கணக்கு. மூன்றாம் நாள் அரிப்பு நின்றுவிடும். அது ஸ்டீராய்டின் உபயம். கிருமி உள்ளேயே இருக்கும். "சரியாயிடுச்சு" என்று நாம் மருந்தை நிறுத்துவோம். அடுத்த மாதம் திரும்ப வரும், திரும்ப அதே பாட்டில். இப்படியே நாலு தடவை போனால் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி அங்கே குடியேறும். ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் சில ஆன்டிபயாடிக் சொட்டுகளை ஊத்தினால் உட்காது பழுதாகி நாய் செவிடாகவே போகலாம், தலை சாய்ந்து, தள்ளாடி நடக்கலாம். தாத்தாவின் பாட்டில் ஏன் ஆகாது என்பது இப்போது புரிகிறதா?

இன்னொன்று. உதறி உதறிக் காது மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்தால், மடல் பூரி மாதிரி உப்பும். ஊசியால் குத்தி எடுத்தால் போச்சு என்று சில கில்லாடிகள் கிளம்புவார்கள். பெரும்பாலும் மறுபடி ரொம்பிவிடும், கூடவே கிருமியும் போகும். இது டாக்டர் கைக்குப் போக வேண்டிய வேலை.

சரி, வீட்டு நாய்க்குச் சொல்ல ஆள் இருக்கிறது. தெரு நாய்க்கு?

இங்கேதான் அரசாங்கத்தோடு எனக்கு வழக்கு. கருத்தடை செய்த தெரு நாயை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? காதை வைத்து! 1964-லேயே சென்னையில் ப்ளூ கிராஸ் தொடங்கி வைத்த திட்டம். 1996-ல் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது, 2001-ல் நாடு முழுவதற்கும் விதி வந்தது, 2023-ல் புது விதி வந்தது. நாயைப் பிடி, மயக்க மருந்து கொடு, ஆபரேஷன் செய், ரேபிஸ் ஊசி போடு, காது நுனியைக் கொஞ்சம் வெட்டி அடையாளம் வை, பிடித்த இடத்திலேயே விடு. 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் முதலில் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடை என்று சொல்லி, பதினோரு நாளில் அதைத் திருத்தி, கருத்தடையும் ஊசியும் முடித்த நாய்களை இருந்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறி பிடித்ததும், ஆக்ரோஷமானதும் மட்டும் விதிவிலக்கு. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையங்களில் இருந்து நாய்களை அப்புறப்படுத்து என்றது. நாடே இரண்டாகப் பிரிந்து டி.வி.யில் கத்தியது. ஒரு கட்சிக்கு நாய் தெய்வம், இன்னொரு கட்சிக்கு எமன்.

இந்த இரண்டு கட்சியையும் ஒரு கேள்வி கேட்கிறேன். 'ஆக்ரோஷமான நாய்' எப்படி உருவாகிறது? எல்லாம் பிறவி முரடா? காது உள்ளே வெந்து கிடக்கிற நாயின் தலைப் பக்கம் ஒரு கை நீண்டால் அது என்ன செய்யும்? பல்வலியோடு இருக்கிற உங்கள் கன்னத்தை யாராவது தட்டிப் பார்க்கட்டும், தெரியும். அந்தக் கை பெரும்பாலும் குழந்தையின் கையாக இருக்கும். தடவிக்கொடுக்கத்தான் போகும், தலையைத்தான் முதலில் தொடும். அப்புறம் "சும்மா இருந்த குழந்தையைக் கடிச்சிடுச்சு" என்று செய்தி வரும். எல்லாக் கடியும் காது வலியால் வருவதில்லை, நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தவிர்க்கக்கூடிய கடிகளில் இதுவும் ஒன்று. "மனுஷனுக்கே ஆஸ்பத்திரியில மருந்து இல்ல, நாய்க் காதுக்கு வைத்தியமா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இது மனுஷனுக்கான வைத்தியமும்தான்.

ஆபரேஷன் மேஜையில் அந்த நாய் மயங்கிக் கிடக்கிறது. கடிக்காது, ஓடாது. அதன் காது டாக்டரின் கையிலேயே இருக்கிறது, நுனியை வெட்டுவதற்காக. வெட்ட நேரம் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்க்க நேரம் இல்லையா? அழுக்கைச் சுத்தம் செய்து, உண்ணியை இடுக்கியால் நேராக இழுத்து எடுத்து, பேனுக்கு ஒரு மருந்து கொடுத்து அனுப்பினால் எத்தனை நிமிஷம் கூடும்? பொறுப்பாக நடக்கிற மையங்களில் இதைச் செய்கிறார்கள். எண்ணிக்கைக்குக் காசு வாங்குகிற கான்டிராக்ட்டில் செய்ய மாட்டார்கள். ஏனென்றால் டெண்டரில் காதுக்கு ஒரு வரிகூட இருக்காது, காது நுனிக்கு மட்டும்தான் இருக்கும்.

இந்த விஷயத்தில் திருவண்ணாமலைக்குச் சாக்கு சொல்ல வழியில்லை. லெஸ்லி ராபின்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி இரண்டாயிரங்களில் இங்கே வந்து அருணாசலா விலங்குகள் காப்பகத்தைத் தொடங்கிக் கருத்தடை, தடுப்பூசி, சொறி வைத்தியம் எல்லாம் செய்து காட்டினார். சாமியைத் தேடி இந்த ஊருக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் நம் தெரு நாய்க்குக் கட்டுப் போட, அவர்களை 'நாய்க்கார வெள்ளைக்காரி' என்று கேலி பேசுவது நம் உள்ளூர்ப் பெருமை! 2024-ல் இந்த ஊர் மாநகராட்சியாக உயர்ந்தது. வரி உயர்ந்தால் போதாது, கருத்தடை ஒப்பந்தத்திலும் இரண்டு வரி உயர வேண்டும்: 'மயக்கத்தில் இருக்கும்போது இரண்டு காதும் பரிசோதிக்கப்பட்டுச் சிகிச்சை தரப்பட வேண்டும்.' அரசு கால்நடை மருந்தகங்களில் மாட்டுக்கு மருந்து வைத்திருக்கிறார்கள், நல்லது. அந்த அலமாரியிலேயே ஒரு ஓட்டோஸ்கோப்புக்கு இடம் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் உடனே தெருவில் இறங்கி முன்பின் தெரியாத நாயின் காதைப் பிடித்து இழுக்க வேண்டாம். கடி, கீறல் எதுவானாலும் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டு நாய் என்றால், வாரம் ஒரு நாள் மடலைத் தூக்கிப் பார்த்து முகர்ந்து பாருங்கள். லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் மாதிரி தொங்கு காது நாய் வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். காற்றுப் புகாத காது, நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் செய்தது இல்லை. குளிப்பாட்டினால் மடலின் உட்பக்கத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான். நாற்றம், சிவப்பு, சீழ், தலைச் சாய்வு இருந்தால் வீட்டில் எதையும் ஊத்தாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். போன இடத்தில், "டாக்டர், காதுக்குள்ள பாத்துட்டு எழுதுங்களேன்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கோபித்துக்கொண்டால், அடுத்த தெருவில் இன்னொரு டாக்டர் இருப்பார்.