சிரிப்பூட்டும் பாட்டும் சித்திரமும்

ஆடிப்பூரத் திருவிழாவில் திருவில்லிபுத்தூர்த் தேர் ஓடுவதைக் கண்ட குழந்தை அக்காட்சியை எளிதில் மறப்பதில்லை. ஆயிரக்கணக்கான மக்கள் வடம் பிடித்து இழுக்க, மலைபோன்ற தேர் சிறிது அசையும், நிற்கும், மீண்டும் அசையும். அத்தேரை ஒற்றைக் காக்கை தன் அலகால் வடம் பற்றி இழுத்துச் செல்வதாக ஒரு பாட்டையும் படத்தையும் அக்குழந்தைக்குக் காட்டினால், அது வயிறு குலுங்கச் சிரிக்கும். தேரையே காணாத குழந்தைக்கு அவ்வளவு சிரிப்பு வாராது. அவ்வாறே, பால்போன்ற நிறமும் நெடிய கால்களும் உடைய இராசபாளையத்து வேட்டை நாய் ஒன்று பூனைக்கு அஞ்சிப் பரணில் ஏறிக்கொண்டது என்று பாடினால், அந்நாயின் வீரத்தை அறிந்த இராசபாளையத்துப் பிள்ளைகளே முதலில் நகைப்பர். உலகின் ஒழுங்கை ஓரளவு அறிந்த பின்னரே, அவ்வொழுங்கு தலைகீழாவதில் குழந்தை இன்பம் காண்கிறது. அதன் சிரிப்பு, அதன் அறிவு அரும்பியதற்கு அடையாளம்.

குழந்தைகளுக்கு நீதிப் பாடல்களே போதும். சிரிப்புப் பாட்டு வீண்பொழுது என்று கருதும் பெரியோர் உளர். நீதி வேண்டா என்பார் யாரும் இலர். ஔவையின் அறவுரையைக் கல்லாது வளரும் பிள்ளை பெருஞ்செல்வம் ஒன்றை இழந்தவனே. ஆயினும் நீதிப் பாட்டில் குழந்தை எப்பொழுதும் கேட்கும் இடத்திலேயே இருக்கிறது. சொல்லும் இடம் பெரியவர்க்கு உரியது. நகைச்சுவைப் பாட்டிலோ, ‘இது தவறு’ என்று கண்டுபிடிக்கும் உரிமை குழந்தைக்கே கிடைக்கிறது. காலைமுதல் மாலைவரை பிறரால் திருத்தப்படும் சிறுவனுக்கு ஒரு காக்கையைத் திருத்தும் வாய்ப்புக் கிட்டுவது சிறிய மகிழ்ச்சியா? அப்பாட்டை அவன் திரும்பத் திரும்பக் கேட்பதன் காரணம் இதுவே.

இதனை நன்கு உணர்ந்த புலவர் ஒருவர் திருவில்லிபுத்தூரிலேயே வாழ்ந்தார். அவரே பெரியாழ்வார். கி.பி. 9ஆம் நூற்றாண்டினர் என ஆராய்ச்சியாளர் பலர் கருதும் அவர், தம் திருமொழியில் கண்ணனைக் குழந்தையாகக் கண்டு பாடினார். கண்ணன் பிறந்த செய்தி கேட்ட ஆயர்கள் அங்கே ஓடுகிறார்கள், விழுகிறார்கள், உறியை முற்றத்தில் உருட்டிவிட்டு ஆடுகிறார்கள். மற்றோரிடத்தில் யசோதை, மகனின் கூந்தலை வாரிவிடக் காக்கையை அழைக்கிறாள். காக்கைக்குச் சீப்புப் பிடிக்கத் தெரியுமா என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்! இன்னொரு பதிகத்தில், கன்று மேய்ப்பதற்குக் கோல் கொண்டுவருமாறும் அக்காக்கையையே ஏவுகிறாள்.

இவற்றினும் சுவையானவை அயலகத்து மகளிரின் முறையீடுகள். வெண்ணெயை விழுங்கியவன் வெறும் பாத்திரத்தையாவது விட்டுவைத்தானா? அது கல்லில் மோதி உடையும் ஓசையையும் கேட்டு மகிழ்கிறான். வேறொருத்தி தன் மகளின் கைவளையைப் பற்றி முறையிடுகிறாள். கண்ணன் அதனைக் கழற்றி, நாவற்பழம் விற்பவளிடம் கொடுத்துப் பழம் வாங்கிக்கொண்டானாம். கேட்டால், தான் செய்யவில்லை என்று சிரிக்கிறானாம். இறைவனைப் பாடும் நூலில் இத்தகைய குறும்புகள் தகுமா என்று ஆன்றோர் ஐயுறவில்லை. மணவாள மாமுனிகள் போன்ற பேராசான் இப்பாசுரங்களுக்கு உரை வகுத்தார் என்றால், குழந்தை விளையாட்டைப் பாடும் கவிதை எளிதாகத் தள்ளத்தக்கதன்று.

இம்முறையீட்டை ஓர் ஓவியர் படமாக எழுதுவதாகக் கொள்க. சிரிக்கும் கண்ணனின் நாவில் அவர் ஊதா நிறக் கறையைத் தீட்டிவிடுவார். வாய் மறுக்கிறது, நாக்கு ஒப்புக்கொள்கிறது! பாட்டு சொல்வதையே படமும் சொன்னால் சுவை இல்லை. பாட்டு மறைப்பதைப் படம் காட்டிக்கொடுக்க வேண்டும். அக்கறையைப் பெரியவர்க்கு முன்னே கண்டுபிடிப்பது குழந்தையின் கண்தான்.

பாட்டும் படமும் ஒருவர் கையிலேயே பிறக்கும்போது இவ்விணக்கம் நன்கு அமைகிறது. 1846இல் ஆங்கிலத்தில் வேடிக்கைப் பாடல் நூலை வெளியிட்ட எட்வர்டு லியர் தம் பாட்டுக்குத் தாமே படம் வரைந்தார். வங்கத்துச் சுகுமார் ராயும் அத்தகையவர். இங்கிலாந்து சென்று அச்சுக்கலை பயின்ற அவர், தம் ‘ஆபோல் தாபோல்’ நூலை நோயுற்ற நிலையிலும் உருவாக்கினார். 1923 செப்டம்பரில் அந்நூல் வெளிவரும் முன்னரே மறைந்தார். நூற்றாண்டு கடந்தும் வங்கக் குழந்தைகள் அதனைப் படித்துச் சிரிக்கின்றனர். தமிழில் இராயவரத்து அழ. வள்ளியப்பா (1922–1989), வங்கியில் பணியாற்றிக்கொண்டே பிள்ளைகளுக்காகப் பாடிக் குழந்தைக் கவிஞர் என்னும் பெயர் பெற்றார்.

இன்று வண்ணத்திற்குக் குறைவில்லை. திருவில்லிபுத்தூருக்கு அண்மையிலுள்ள சிவகாசியில், தீப்பெட்டித் தொழிலை ஒட்டி வளர்ந்த அச்சகங்கள் பளபளக்கும் படப்புத்தகங்களை அடித்துக் குவிக்கின்றன. குறை வேறிடத்தில் உள்ளது. பனிமனிதன் வெயிலில் உருகுவதாகப் படம் வரைந்து, அதன்கீழ் ஓசை கெட்ட நான்கு வரிகளை அச்சிட்டால், பனியையே காணாத இராசபாளையத்துக் குழந்தை எதைக் கண்டு சிரிக்கும்? எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவத்தில் ஒருமுறையேனும் தமிழில் சிரிக்காத பிள்ளை, பின்னாளில் தமிழைத் தேர்வுக்குரிய சுமையாகவே எண்ணக்கூடும். அப்பிள்ளைக்கு வேறொரு சிரிப்பைக் காட்டக் கைப்பேசித் திரை காத்திருக்கிறது.

பாட்டுக்கு உரிய பொருளோ அருகிலேயே இருக்கிறது. இவ்விரண்டு ஊர்களுக்கும் மேற்கே நிற்கும் மலைக்காட்டில், உடலளவு நீண்ட வாலையுடைய சாம்பல் நிற அணில்கள் வாழ்கின்றன. அவற்றுக்கென 1988இல் சரணாலயமும் அமைந்தது. அவ்வாலையே குடையாகப் பிடித்துக்கொண்டு, அடைமழையில் ஓர் அணில் திருவில்லிபுத்தூர்க் கடைத்தெருவுக்குப் பால்கோவா வாங்க வருவதாக ஒரு மாணவன் வரைந்தால், கடைக்காரர் அதனிடம் முதலில் என்ன கேட்பார்? இராசபாளையத்து வெள்ளை நாய் அப்பொழுது எங்கே நிற்கும்?