ஒருங்கிணைந்த உளவள ஆலோசனை மீதான குற்றச்சாட்டுகள்: பேராக் தோட்டப்புற வாழ்வை முன்வைத்து ஒரு மறுப்பு

உளவள ஆலோசனையில் ஒருங்கிணைந்த அணுகுமுறை எனப்படுவது, ஆலோசகர் ஒரே கோட்பாட்டின் எல்லைக்குள் நின்றுவிடாமல், நாடி வந்தவரின் சிக்கலை முழுமையாக வகுத்தறிந்து, அதற்கேற்பப் பல நெறிகளின் கருத்துகளையும் உத்திகளையும் காரணத்தோடு தேர்ந்து இணைக்கும் முறையாகும். இது ஆழமற்ற கலவை என்றும், ஒரே நெறியில் ஊன்றியவரே நம்பத்தக்க ஆலோசகர் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. மலேசியத் தமிழரிடையே இதனோடு மேலும் இரு கருத்துகள் சேர்ந்துகொள்கின்றன: தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களுக்கு அறிவுரையே போதும், மனம் திறந்த பேச்சு அவர்களுக்கு ஒத்துவராது என்பது ஒன்று, கோயிலும் நேர்த்திக்கடனும் ஆலோசனை அறைக்குள் பேசப்படுவது அறிவியலுக்குப் புறம்பு என்பது மற்றொன்று. பேராக் மாநிலத்தின் ஈப்போவிலும் அதைச் சூழ்ந்த முன்னாள் ரப்பர்த் தோட்டங்களிலும் வாழ்வோரின் நிலையை வைத்து நோக்கினால் இம்மூன்றும் நிற்பதற்கு இடமில்லை.

கலவை என்ற குற்றச்சாட்டு புதிதன்று. பிரிட்டிஷ் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் 1970இலேயே அதைக் கடுமையாக எழுப்பினார். கோட்பாடுகளைத் தொடர்பின்றி அள்ளிச் சேர்ப்பவர்களைப் பொறுத்தவரை அவர் கூறியது சரியே. ஆனால் ஒருங்கிணைப்பு வளர்ந்த வழி வேறு. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆர்னால்ட் லாசரஸ், நடத்தைச் சிகிச்சையின், அதாவது பழகிய செயல்களைப் பயிற்சியால் மாற்றும் முறையின், முன்னோடிகளுள் ஒருவர். அம்முறையால் மட்டும் தேறியவர்களுள் கணிசமானோர் பின்னர் பழைய நிலைக்கே திரும்பியதைக் கண்ட பிறகே, நடத்தை, உணர்ச்சி, உடலுணர்வு, மனப்படிமம், சிந்தனை, உறவு, உடல்நலமும் மருந்தும் ஆகிய ஏழு தளங்களிலும் ஒருவரை ஆராயும் பன்முகச் சிகிச்சையை அவர் 1970களில் உருவாக்கினார். தம் நெறியின் விளைவுகளை நேர்மையாக எண்ணிப் பார்த்ததன் பயன் அது.

அந்த ஏழு தளங்களின் தேவையைப் பேராக்கின் தோட்ட வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியரின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், அதைத் தடுக்கச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அறியப்பட்ட செய்திகள். பின்னர் ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது; பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. தொழிலாளருக்குத் தோட்டம் தந்த லயன் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தமையால், வேலை போன அன்றே வீடும், அதனோடு அயலாரும், மாரியம்மன் கோயிலும், தமிழ்ப்பள்ளியும் கைவிட்டுப் போயின. அவ்வாறு ஈப்போவின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் புந்தோங் போன்ற பகுதிகளுக்கும் பெயர்ந்த ஒரு தலைமுறையினரில், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, எழுந்து மரம் சீவிப் பழகிய உடல், எழ வேண்டிய தேவை நீங்கிய பின்னும் அந்நேரத்திலேயே விழித்துக்கொள்வதில் வியப்பில்லை. அத்தகைய ஒருவரின் விழிப்பைத் தூக்கக் குறைவு என்று மட்டும் கொள்பவர் உடலைப் பார்க்கிறார்; தம்மால் இனிப் பயனில்லை என்ற எண்ணத்தைத் திருத்த முனைபவர், ஆரன் பெக் வகுத்த அறிவாற்றல் சிகிச்சையின் வழியில், சிந்தனையைப் பார்க்கிறார்; இடிக்கப்பட்ட கோயில் கனவில் வருவதை ஆராய்பவர் இழப்பைப் பார்க்கிறார்; சம்சு என்ற மலிவுச் சாராயத்தைப் பார்ப்பவர் குடியைப் பார்க்கிறார். துயருற்றவரிடம் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எதை முதலில் தொடுவது, எதை ஒத்திவைப்பது என்று முடிவு செய்வதே ஆலோசகரின் தேர்ச்சி. ஒரே நெறியில் நிற்பவர் அந்த முடிவை நாடி வந்தவரைக் காணும் முன்பே எடுத்துவிடுகிறார்.

நெறிகள் தம்முள் முரண்படுகின்றனவே என்பாருக்கு விடை சுருக்கமானது. கோட்பாடுகள் முரண்பட்டாலும், சிகிச்சைகள் பயனளிக்கும் விதத்தில் பொதுக்கூறுகள் உண்டு என்பதைச் சால் ரோசென்ஸ்வைக் 1936இலேயே சுட்டினார். எட்வர்ட் போர்டின் 1979இல் அவற்றுள் முதன்மையானதைச் செயலுறவு என வகுத்தார். இலக்கில் உடன்பாடு, செய்யவேண்டியவற்றில் உடன்பாடு, இருவரிடையேயான பிணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது.

அறிவுரையே போதும் என்ற கருத்துக்கே கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் அது பரிவின் தோற்றத்தில் வருகிறது. தோட்ட மேலாளரான துரையும் எழுத்தரான கிராணியும் மேற்பார்வையாளரான கங்காணியும் சொன்னதைக் கேட்டே வாழ்நாளைக் கழித்தவருக்கு மேலும் ஒருவர் ஆணையிடுவது, அவரது முடிவெடுக்கும் ஆற்றலை இன்னொருமுறை பறிப்பதாகும். எனினும் நாடி வந்தவரையே மையமாகக் கொள்ளும் கார்ல் ரோஜர்ஸின் வழியைக் கண்மூடிப் பின்பற்றி, எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால், அதை அவர் புறக்கணிப்பாக உணரக்கூடும். தொடக்கத்தில் தெளிவான வழிகாட்டலும், நம்பிக்கை வளர வளரத் தெரிவை அவரிடமே ஒப்படைத்தலும் என்ற வரிசை இங்கு ஏற்றது. குடியை விடுவது பற்றி இன்னும் எண்ணத் தொடங்காதவருக்கும் விடத் துணிந்தவருக்கும் ஒரே பேச்சு பொருந்தாது என்பதை ஜேம்ஸ் புரோச்சாஸ்காவும் கார்லோ டிக்ளமென்டேயும் புகைபிடிப்போரை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட மாற்றப் படிநிலைகள் காட்டுகின்றன. பேசவே வராதவர்கள் என்று தோட்டத்து மக்களை ஒதுக்குவது, அவர்களை யாரும் கேட்டதில்லை என்ற உண்மையை அவர்கள் மீதே குறையாகச் சுமத்துவதாகும்.

கோயில் பற்றிய மறுப்பும் வலுவற்றது. துன்பத்துக்குத் தரப்படும் விளக்கமும் அதிலிருந்து மீளச் செய்யப்படும் செயல்முறையும் துன்புறுபவர் ஏற்கத்தக்கவையாக இருப்பது குணமாதலின் பொதுக்கூறு என்று ஜெரோம் ஃபிராங்க் 1961இல் விளக்கினார். ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குத் தைப்பூசத்தில் காவடி எடுக்க நேர்ந்துகொண்டவரிடம் அந்த நேர்தலின் பொருளைக் கேட்டறிவதால் ஆலோசகர் பூசாரியாகிவிடுவதில்லை. அதைக் கேளாதவருக்கு, நாடி வந்தவர் எதை நம்பி நாளைக் கடத்துகிறார் என்பது தெரியாமலே போகும். அதேவேளை நேர்த்திக்கடனை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளவும் இவ்வணுகுமுறை இடந்தராது.

பல நெறிகளைக் கையாள்பவரிடம் கடும் நோய் கவனிக்கப்படாமல் போகும் என்ற அச்சம் மட்டும் மதிக்கத்தக்கது. மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் பதிவு பெற்றவரே ஆலோசகராகப் பணிபுரிய வேண்டும் என்கிறது. அப்பதிவு உள்ளவர் தம் எல்லையை அறிந்து மனநல மருத்துவரிடம் அனுப்பக் கடமைப்பட்டவர். பேராக்கில் இதற்கொரு தனித் தடை உண்டு. 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கப்பட்டு, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என வழங்கும் மனநல மருத்துவமனையால், அவ்வூரின் பெயரே நாடெங்கும் ஏளனச் சொல்லாயிற்று. அங்கே செல்லத் தயங்குபவரின் வெட்கத்தைப் பேசித் தணிப்பதும், குடும்பத்தாரை அழைத்து விளக்குவதும், மருந்து தொடங்கிய பின்னும் ஆலோசனையைத் தொடர்வதும் ஒருங்கிணைந்த பணியின் பகுதிகளே. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், சாக நினைத்ததுண்டா என்று ஆலோசகர் நேரடியாகக் கேட்கும்போது, அதற்கு உண்மையான விடை தருபவர் வழக்குக்கு அஞ்ச வேண்டிய நிலை இப்போது இல்லை.