இலையைத் திருப்பிப் பாருங்க

போன மாசம் எங்க பங்காளி மகன் மெட்ராஸ்ல இருந்து கூட்டாளிங்க மூணு பேரோட வந்திருந்தான். கொல்லிமலை ஏறணும்னான். நம்ம நிலம் அடிவாரத்துல, காரவள்ளிப் பக்கம். அதனால விருந்தாளி யார் வந்தாலும் மலைக்குக் கூட்டிட்டுப் போற வேலை எனக்குத்தான். 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிச்சு, ஒரு ஓடைக்கரையில வண்டிய நிறுத்தினோம். அங்கே ஈரத்துல நாய்வால் மாதிரி சுருண்டு சுருண்டு இளங்குருத்து நின்னுச்சு.

பையன் குதிக்கிறான். "பெரியப்பா, இதை வீடியோல பாத்திருக்கேன். இமயமலைப் பக்கம் பொரியல் பண்ணிச் சாப்பிடறாங்க. பறிச்சுட்டுப் போலாமா?"

"கை வைக்காத கண்ணு"ன்னு சொல்லிட்டு சட்டைப் பையில இருந்த சின்னப் புத்தகத்தை எடுத்தேன். நாலு பேருக்கும் சிரிப்பு. "போன்ல போட்டோ எடுத்தா அதுவே பேர் சொல்லிடும் பெரியப்பா"ன்னான். எடுத்தான். ஒரு பேர் வந்துச்சு. கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தான், வேற பேர் வந்துச்சு. மூணாவது தடவைக்கு மூணாவது பேர். அப்புறம்தான் சிரிப்பு நின்னுச்சு.

இன்னைக்கு அந்தப் புத்தகத்தைப் பத்தித்தான் சொல்லப் போறேன்.

என் மக ரெண்டு வருசம் முன்னாடி வாங்கிக் குடுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிச் செடிகளைப் பத்தினது. உள்ளங்கை அளவுதான், பக்கத்துக்குப் பக்கம் படம். பெரணிங்கிறது பள்ளிக்கூடப் புத்தகத்து வார்த்தைங்க. எங்க ஊர்ல அதுக்குத் தனியா ஒரு பேர் கிடையாது, செடின்னுதான் சொல்லுவோம். பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. பூவையும் காயையும் வச்சே செடியத் தெரிஞ்சு பழகின எனக்கு, இதுல எதைப் பார்க்கிறதுன்னே புரியல.

புத்தகம் முதல் பக்கத்துலயே சொல்லிடுச்சு: இலையைத் திருப்பிப் பார். அடியில பழுப்புப் பொட்டு இருக்கும். அதுக்குள்ள இருக்கிற தூள்தான் விதைக்குப் பதில். அதை ஸ்போர்ங்கிறாங்க. பொட்டு வட்டமா, கோடா, நரம்பை ஒட்டியா, ஓரத்துல மடிப்புக்குள்ளயான்னு பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சுது. மிச்சம், தண்டுல செதில் இருக்கா, மண்ணுல முளைச்சதா, பாறையிலயா, மரத்து மேலயான்னு பார்க்கணும். இதெல்லாம் மேல இருந்து எடுத்த போட்டோவுல எங்கிருந்து தெரியும்?

ஓடைக்கரைக்கு வர்றேன். சுருண்ட குருத்துல பொட்டு இருக்காது. பல பெரணியும் குழந்தையில பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும். பக்கத்துல நிக்கிற முத்தின இலையைத்தான் பார்க்கணும். பையன் வீடியோவுல பார்த்தது வடக்க லிங்குடான்னு சொல்ற வகை. அதுக்கு இலையடியில பொட்டு நரம்பை ஒட்டிக் கோடு கோடா இருக்கும். பிராக்கன்னு இன்னொண்ணு, ஊட்டி கொடைக்கானல் சரிவுல நிறைய உண்டு. அதுக்கு இலை ஓரம் உள்பக்கமா மடிஞ்சிருக்கும், பொட்டு அந்த மடிப்புக்குள்ள ஓடும். அதுவும் குருத்துல சுருண்டுதான் வரும். ஆனா அதுல புற்றுநோய் உண்டாக்குற நஞ்சு இருக்கு. மாடு அதை நாள்பட மேய்ஞ்சா ரத்தமா மூத்திரம் போகும்.

நாங்க பார்த்ததுல பொட்டு வட்ட வட்டமா இருந்துச்சு. ரெண்டுலயும் சேரல. பக்கம் பக்கமாப் புரட்டினதுல ரெண்டு படம் கிட்ட வந்துச்சு, எதுன்னு முடிவா சொல்ல முடியல. கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலை, புத்தகம் மேற்கைப் பத்தினது. எல்லாமும் அதுல இருக்கணும்னு இல்லையே. "தெரியல கண்ணு. தெரியாததை அடுப்புல ஏத்தக் கூடாது"ன்னு சொல்லி நடந்தேன். பையனும் ஒண்ணும் பேசாம வந்தான்.

என் கருத்து இதுதாங்க. போன் எப்பவும் ஏதாவது ஒரு பேரச் சொல்லிடுது. நாமளும் நம்பிடறோம். புத்தகம் நம்மளையே குனிஞ்சு, திருப்பி, எண்ணிப் பார்க்க வைக்குது. சேரலைன்னா சேரலைன்னு நமக்கே தெரியுது. காட்டுல திங்கிற விசயத்துல அந்தத் தெளிவு உயிரக் காப்பாத்தும்.

இன்னொண்ணும் நடந்துச்சு. இத்தனை வருசம் கையில புழங்கினதே பெரணின்னு அப்பத்தான் தெரிஞ்சுது. மாட்டுக்குத் தொட்டியில வளர்க்கிற அசோலா ஒரு பெரணி. வயல்ல கிடக்கிற ஆரைக்கீரையும் பெரணிதான். புளியாரைக்கு மூணு இலை, மஞ்சப் பூ. ஆரைக்கு நாலு இலை, பூவே கிடையாது. ஆரையில இலையத் திருப்பினா ஒண்ணும் தெரியாது. காம்பு அடியில பயறு மாதிரி கெட்டியா சின்னச் சின்னதா இருக்கும், ஸ்போர் அதுக்குள்ள. குளம் வத்தி வருசக்கணக்கா ஆனாலும் தண்ணி கண்டதும் முளைச்சுக்கும்.

அப்புறம் முடவாட்டுக்கால். அருவிக்குப் போறப்போ ரோட்டோரம் குவிச்சு வச்சிருப்பாங்களே, ஆட்டுக்கால் மாதிரி பழுப்பு முடியோட, அதேதான். முட்டிவலிக்குன்னு சூப்பு வச்சுக் குடிக்கிறீங்க. கிழங்குன்னு சொல்றோமே ஒழிய, அது பாறையிலயும் மரத்துலயும் ஊர்ந்து போற ஒரு பெரணியோட தண்டுங்க. அதுக்கு ரெண்டு வகை இலை. பச்சை இலை ஸ்போருக்கு. காய்ஞ்ச பழுப்பு இலை பாறையோட கிண்ணம் மாதிரி ஒட்டிக்கிட்டு, சருகையும் தூசியையும் சேர்த்து மக்க வைக்கும். மண்ணே இல்லாத இடத்துல சொந்தமா எருக்குழி போட்டு வாழற செடி! விவசாயி நான், எனக்கே வெக்கமா இருந்துச்சு.

மேல ஒரு ஆயா அதை வெட்டி விப்பாங்க. "ஏன் ஆயா நுனிய விட்டுட்டு வெட்டறீங்க?"ன்னு கேட்டேன். "நுனிதான் சாமி ஓடும். அதையும் எடுத்துட்டா அடுத்த வருசம் எனக்கு என்ன இருக்கும்?"னாங்க. தண்டு நுனியில இருந்துதான் வளருதுன்னு புத்தகமும் சொல்லுது. ஸ்போர்ல இருந்து புதுசா வரணும்னா ஈரம் வேணும், நிழல் வேணும், காலமும் வேணும். ஆனா மூட்டை மூட்டையாக் கேட்கிற வியாபாரத்துக்கு அந்தப் பொறுமை இல்ல. சொரண்டி எடுத்த மொட்டைப் பாறைய நான் பார்த்திருக்கேன்.

வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், அது மலைக்காரங்க பொழப்பு. ஒரு வேளை சூப்புக்கு வாங்குங்க, பை நிறைய வேண்டாம். நுனி விட்டு வெட்டினதான்னு ஒரு வார்த்தை கேளுங்க. நாலு பேர் கேட்டா வியாபாரியும் யோசிப்பான்.

எனக்குள்ள குறை ஒண்ணுதான். புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கு. நான் படிச்சது பத்தாவது. அகராதிய வச்சுக்கிட்டு ஒரு பக்கம் படிக்க ஒரு ராத்திரி ஆகும். அந்த ஆயா சொல்ற பேர் ஒண்ணுகூட அதுல இல்ல. அதனால பென்சில்ல எழுதி வைக்கிறேன்: என்ன பேரு, எங்க பார்த்தேன், எந்த மாசம்னு. இதுவரைக்கும் பதினோரு பக்கத்துல எழுதியிருக்கேன். ஓடைக்கரைச் செடிக்குக் கடைசிப் பக்கத்துல "தெரியல, வட்டப் பொட்டு"ன்னு போட்டிருக்கேன்.

நீங்க மலைக்கு வந்தா இப்படி ஒரு புத்தகமும் ஒரு சின்ன லென்சும் கொண்டு வாங்க. இலையப் பிடுங்க வேண்டாம், நின்ன இடத்துலயே திருப்பிப் பார்த்துட்டு விட்டுடுங்க. பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தா பேரக் கேட்டு ஓரத்துல எழுதிக்கங்க.