நாற்பதுக்குப் பிறகு வேடம் கட்டுதல்

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நான் ரஞ்சன்குடிக் கோட்டையின் நெற்களஞ்சியக் கணக்கனாகிவிடுகிறேன். ஆண்டு 1751. இரவு ஏழு மணிக்கு மீண்டும் பெரம்பலூரில் குடியிருக்கும் நாற்பத்தாறு வயதுத் தமிழ் விரிவுரையாளன். இடைப்பட்ட நான்கு மணி நேரத்தைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

இதைக் கேள்வியுற்ற சக ஆசிரியர் ஒருவர், "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்கள்ல சார்?" என்று விசாரித்தார். அதில் கேலி சிறிதும் இல்லை. உண்மையான கரிசனம் இருந்தது. அதுதான் என்னை எழுதத் தூண்டியது. அதே நண்பர் கோடை முழுதும் மாலை ஏழரை முதல் நள்ளிரவு வரை தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்ப்பவர். அவர் வீட்டு நலனை இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஆங்கிலத்தில் இதனை 'ரோல் பிளேயிங் கேம்' என்கிறார்கள். வேடமேற்கும் விளையாட்டு என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் மூத்த பிள்ளை. முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகளே. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்பதை அந்தந்தக் கணத்தில் சொல்லவேண்டும். செய்ய நினைத்தது கைகூடுமா என்ற ஐயம் வரும் இடத்தில் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டுவார்கள். வென்றவர் தோற்றவர் என்று முடிவில் எவரும் இல்லை. கதை மட்டும் இருக்கும். அதுவும் எவரும் முன்பே எழுதி வைத்திராத கதை.

எங்கள் கூட்டம் ஐந்து பேர். மூவர் என்னிடம் படித்தவர்கள்: ஒருவர் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலை ஆய்வகத்தில் ஷிப்டு பார்ப்பவர், ஒருவர் வங்கி எழுத்தர், ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். நான்காமவர் சென்னையில் கணிப்பொறி வேலை பார்த்து, வீட்டிலிருந்தே பணிபுரியும் வசதி கிடைத்ததும் ஊர் திரும்பியவர். பகடையைக் கொண்டுவந்தவர் அவர்தான். தொடக்கத்தில் மேலைநாட்டுக் கதையுலகையே அப்படியே எடுத்து விளையாடிப் பார்த்தோம். எல்ஃப் என்றும் டிராகன் என்றும் சொல்லும்போது நாக்கு ஒத்துழைக்கவில்லை. ஏதோ மொழிபெயர்ப்பு நூலின் பிழைதிருத்தம் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகுதான், திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பேருந்துச் சன்னலிலிருந்து வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டேயிருக்கும் கோட்டைக்குக் குடிபெயர்ந்தோம். 1751 இல் ஆங்கிலேயர் துணைபெற்ற முகமது அலியின் தரப்பும் பிரெஞ்சுக்காரர் துணைபெற்ற சந்தா சாகிபின் தரப்பும் இப்பகுதியில் மோதின. பாடநூலில் ஒரு வரி. எங்களுக்கோ பதினோரு ஞாயிறுகளாக முடியாத கதை.

மூன்றாம் அமர்வில் நடந்தது இது. இரு படைகளுக்கும் நெல் வேண்டும். களஞ்சியத்தைத் திறந்தால் கோட்டைக்குள் இருக்கும் குடிகள் பட்டினி கிடக்க வேண்டும். கில்லேதாரிடம் எடுத்துச் சொல்லி மனம் மாற்றுவது என்று முடிவு செய்து, எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி ஒரு பேருரை ஆற்றினேன். பகடையில் விழுந்தது மூன்று. கதை நடத்தும் என் பழைய மாணவர் கில்லேதாரின் குரலில், "கணக்கா, நெல்லை எண்ணுவதுதான் உன் வேலை. அதைப் பற்றிப் பேசுவது அன்று" என்றார். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் என் பேச்சு எவராலும் மறுக்கப்பட்டதில்லை. மறுக்கப்படாததால் அது எடுபட்டதா என்பதும் எனக்குத் தெரியாது. அன்றிரவு உறங்க வெகுநேரம் ஆயிற்று. இவ்வயதில் ஒரு சொல் எனக்குள் இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இதன் பயன் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கற்பனை வளரும், மன இறுக்கம் தளரும், தலைமைப் பண்பு வரும் என்றெல்லாம் சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கல்வியாண்டே ஏதேனும் ஒரு கல்லூரியில் இதற்கென ஓர் ஒருநாள் பயிலரங்கு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, புகைப்படம் எடுத்துத் தரமதிப்பீட்டுக் கோப்பில் செருகிவிடுவார்கள். ஆகையால் பயனில்லை என்றே சொல்லி வைக்கிறேன்.

நேரம் எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்விதான் கனமானது. விடைத்தாள் திருத்தம், தரமதிப்பீட்டுக் கோப்புகள், சேர்க்கைக் காலத்தில் ஊர் ஊராகப் போய் மாணவர் பிடிப்பது, உறவினர் வீட்டுக் காதணி விழா, பெற்றோருக்கு மருத்துவமனை. இவற்றிற்கிடையே மிஞ்சும் நேரத்தில் விளையாடலாம் என்று காத்திருந்தால், மிஞ்சுவதைக் கைப்பேசி தின்றுவிடும். மிஞ்சும் நேரம் என்று ஒன்று உண்மையில் கிடையாது என்பதை நான் கற்றுக்கொண்டது இந்த ஐவர் கூட்டத்தில் அன்று. என் தந்தையிடமிருந்து.

எங்கள் ஊர் அரியலூர் மாவட்டத்தில், முந்திரிக்காடுகளின் ஓரத்தில் இருக்கும் சிற்றூர். தை அறுவடை முடிந்து முந்திரி பழுக்கத் தொடங்குவதற்கு முன் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் அரிச்சந்திரன் நாடக ஒத்திகை நடக்கும். வெளியூரிலிருந்து நாடக வாத்தியார் ஆர்மோனியத்தோடு வந்து தங்குவார். வீட்டுக்கு ஒருநாள் முறை வைத்து அவருக்குச் சோறு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பாடம் நடக்கும். ஒத்திகைக்கு வராதவருக்கு ஒரு படி நிலக்கடலை அபராதம். விதைக்கும் களையெடுக்கும் கைகள் இரவில் நோட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு விருத்தம் மனப்பாடம் செய்துகொண்டிருக்கும். என் தந்தை சந்திரமதி வேடம் கட்டுவார். மாசித் திருவிழாவுக்கு முந்தைய நாள் மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்பார். வளர்ந்து முடியும்வரை என் அம்மா அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசமாட்டார்.

அந்த ஆண்களுக்கு நம்மைவிட அதிக ஓய்வு இருந்தது என்று நான் நம்பவில்லை. கிணற்றில் இறைத்து நீர் பாய்ச்சியவர்கள் அவர்கள். அவர்களிடம் இருந்தது குறித்த நாள். சாமிக்குக் காப்புக் கட்டியாகிவிட்டால் ஊரெல்லை தாண்டக்கூடாது என்பது கட்டுப்பாடு. வேடம் ஏற்பதும் அவ்வாறே; சந்திரமதி வராவிட்டால் அரிச்சந்திரன் யாரிடம் தாலியைக் கேட்பான்? ஒருவர் வாக்குக் கொடுத்து, மற்றவர்கள் அதை நம்பிக் காத்திருப்பதால் உண்டாகும் நேரம் அது. கடிகாரத்தில் தேடினால் அகப்படாது. எங்கள் இரண்டாம் ஞாயிறும் அந்த வழிதான். ஒருவர் வராவிட்டாலும் ஆட்டம் உண்டு, நாளை மாற்றுவதில்லை, ஏழு மணிக்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. ஷிப்டு பார்க்கும் நண்பர் இரவுப் பணி முடித்து நேராக வந்து, கோட்டை மதிலேறும் காட்சியில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போனதுண்டு. அவருடைய பாத்திரமும் காவலில் உறங்கிவிட்டதாகக் கதையில் சேர்த்துக்கொண்டோம்.

கொள்ளிடத்தின் அக்கரையில் இன்னொரு சான்று இருக்கிறது. அரியலூரிலிருந்து திருமானூர், திருவையாறு வழியாகத் தஞ்சை போய் அங்கிருந்து மெலட்டூர் போகலாம். நரசிம்ம ஜெயந்தியையொட்டி அங்கே பாகவத மேளா நடக்கும். வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாட்டிய நாடகங்களை இரவு முழுதும் ஆடுவார்கள். ஆடுபவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். வெளியூர்களில் அலுவலகங்களில் வேலை பார்த்துக்கொண்டு, விடுப்பெடுத்து வந்து வேடம் கட்டுபவர்கள் பலர். பெண் வேடமும் ஆண்களே. அந்த விடுப்பை வாழ்வின் மிச்சத்திலிருந்து எடுத்ததாக அவர்கள் கருதமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

குறித்த நாள் மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும். பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' நூலை வேடிக்கையான நினைவுக்குறிப்புகளாகவே பலரும் வாசிக்கிறார்கள். எனக்கு அது அனுமதி கிடைத்த வரலாறு. இளமையில் தமிழ் நாடகத்தை அவர் மதித்ததே இல்லை. 1891 இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னைக்கு வந்து ஆடியதைப் பார்க்கிறார். ஆடுபவர்கள் படித்தவர்கள், சமூகத்தில் மதிப்புப் பெற்றவர்கள். அவர் மனம் மாறிவிடுகிறது. அதே ஆண்டு சுகுண விலாச சபை தோன்றுகிறது. பின்னர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் உயர்ந்த நிலையிலும் நாடகத்தை அவர் விட்டுவிடவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்தச் சபையில் வேடமேற்றவர்தான். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை. வக்கீல் ஆடினால் அது கலை, மற்றவன் ஆடினால் கூத்து என்ற மேட்டிமையும் இதனுள் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

மறுக்க முடியாது என்பதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். அக்காவுக்கு வரன் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், "கூத்தாடி வூட்லயா சம்பந்தம்?" என்று சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. அந்த ஆண்டு தந்தை மீசையை எடுக்கவில்லை. அடுத்த ஆண்டும் எடுக்கவில்லை. சந்திரமதிக்கு வேறொருவர் வந்தார். ஜரிகை வைத்த வெல்வெட் ரவிக்கை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கிறது. சக ஆசிரியர் என் குடும்ப நலனை விசாரித்தபோது எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவரும் ஆசிரியைதான், பள்ளியில். படித்துவிட்டு, "எல்லாம் சரிங்க. உங்க அப்பா சந்திரமதியா அழுதுகிட்டு இருந்தப்ப உங்க அம்மா எங்க இருந்தாங்க?" என்றார்.

எனக்குத் தெரியும். அம்மா வாத்தியாருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். நாற்பது நாள் ஒத்திகையில் ஒருநாள்கூட அவர் பார்த்ததில்லை. ஆண்களின் இரவு விழாவாவதற்கு வேண்டிய உலைநீர் யார் கொதிக்க வைத்தது என்று நான் இதுவரை எழுதிய பத்திகளில் எங்கும் கேட்டிருக்கவில்லை. எங்கள் ஐவரில் வங்கி எழுத்தர் பெண். நாங்கள் நால்வரும் தாமதமாக வந்தால் உட்கார்ந்துவிடுவோம். அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்; மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வருவார். இதை நான் கவனித்ததே மனைவியின் கேள்விக்குப் பிறகுதான்.

பாடம் நடத்துபவன் என்பதால் தொல்காப்பியத்துக்கு ஓடினேன். உவகை பிறக்கும் நான்கு களங்களுள் விளையாட்டையும் ஒன்றாக மெய்ப்பாட்டியல் வைத்திருக்கிறது என்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதைவிட எனக்கு இப்போது முக்கியமாகப்படுவது கற்பியல். மணமாகி இல்லறம் நடத்துவோர் ஊரைவிட்டு நீங்கி ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி மகிழ்வதும் உரியது என்று அங்கே இடம் தரப்பட்டிருக்கிறது. களவில் சொல்லியிருந்தால் இளமைக் குறும்பு என்று கடந்துவிடலாம். கற்பில் சொல்லியிருக்கிறது. சமைக்கும் வயதில், பிள்ளை வளர்க்கும் வயதில். இதை வெற்றிக்களிப்போடு மனைவியிடம் சொன்னேன். "சோலைக்குப் போறப்ப யாரு வீட்டைப் பூட்டுனா, சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு போட்டிருக்கா?" என்றார். உரையாசிரியர்கள் எவரும் அதைத் தொடவில்லை.

இப்போது இரண்டாம் ஞாயிறு சமையல் என்னுடையது. எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கும். அதற்கு மேல் எனக்கு வராது. மனைவி இரண்டு அமர்வுகளுக்கு வந்தார். கோட்டைக்குள் உப்பு விற்கும் பெண்ணாக வேடமேற்று, நான் பேருரையால் சாதிக்காததைக் கில்லேதாரின் சமையற்காரியிடம் ஐந்து நிமிடம் பேசிச் சாதித்துவிட்டார். பகடையும் அவருக்குப் பதினெட்டு விழுந்தது. மூன்றாம் முறை பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள் குறுக்கிட்டன, வரவில்லை. அவருக்கென்று வேறொரு ஞாயிறு வேண்டும் என்று கேட்டிருக்கிறார், இந்த விளையாட்டுக்கு அல்ல, எதற்கு என்று சொல்லமாட்டாராம். கேட்கக்கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு.

சென்ற மாதம் தந்தை ஊரிலிருந்து வந்திருந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு நான்கு மணி நேரமும் உட்கார்ந்து பார்த்தார். எல்லோரும் போன பிறகு பகடையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பாட்டு இல்லியேப்பா" என்றார்.