லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?



2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் நம்மவர் வீடுகளில் கார்ப் பேச்சு கூடிவிட்டது. வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவின் சேமிப்பு ஒரு பக்கம். வளர்ந்த மகனின் ஆசை மறு பக்கம். மகன் விரும்புவது பெரும்பாலும் சின்னக் கார் அல்ல. டேர்போ பூட்டியது, சத்தம் கனத்தது, மிதித்த மாத்திரத்தில் பாய்வது. "உம்மா, இது லீற்றருக்குப் பத்து ஓடும். கம்பனிக்காரனே எழுதியிருக்கிறான்" என்று அவன் சொல்லும்போது, அதற்குப் பதில் சொல்ல நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

அரிசி, பருப்பு, பிள்ளைகளின் வகுப்புக் கட்டணம் எல்லாம் அளந்து செலவழிக்கிறவர்கள் நாம். பெற்றோல் மட்டும் "ஆண்பிள்ளைகள் விவகாரம்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தச் செலவும் அதே பணப்பையிலிருந்துதான் போகிறது. ஆகவே இம்மாதம் அந்தக் கணக்கைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வோம்.

கம்பனி எழுதும் கணக்கு எது?

கம்பனி எழுதும் எண் பொய் என்று எடுத்த எடுப்பில் சொல்வது நியாயமல்ல. ஆனால் அது காலி வீதியில் எடுத்த எண் அல்ல. சோதனைச் சாலையில், சுழலும் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, பயிற்சி பெற்ற ஒருவர் வரைந்துவைத்த வேகத்தின்படி ஓட்டி எடுப்பது. ஜப்பானில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த 'ஜேசி 08' என்ற சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1204 செக்கன்கள். ஓடும் தூரம் சுமார் 8 கிலோமீற்றர். ஆகக் கூடிய வேகம் 81.6 கிலோமீற்றர். ஏசி போடுவதில்லை. மேடு பள்ளம் இல்லை. குறுக்கே பாயும் ஆட்டோ இல்லை. மழைக்கு வெள்ளம் நிற்பதும் இல்லை.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த டொயோட்டா பிரியஸையே பாருங்கள். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் ஒரு ரகத்துக்கு, ஜப்பானின் பழைய '10-15' சோதனையில் லீற்றருக்கு 38 கிலோமீற்றர் வந்தது. அதே கார் ஜேசி 08 சோதனையில் 32.6 ஆனது. அமெரிக்காவில் அதே தலைமுறைப் பிரியஸுக்கு அரசு கொடுத்த எண் கலனுக்கு 50 மைல், அதாவது லீற்றருக்கு 21 கிலோமீற்றர் சொச்சம். கார் மாறவில்லை, அளந்த விதம் மாறியது. அமெரிக்கர்கள் 2008ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து ஏசி போட்டும், வேகமாக மிதித்தும், குளிர்காலத்திலும் சோதிக்கத் தொடங்கினார்கள். அதனால் அவர்களுடைய எண் வீதிக்குக் கொஞ்சம் கிட்ட வந்தது.

எண்ணைக் கூட்டி எழுதியவர்களும் உண்டு. 2012இல் ஹூண்டாய், கியா கம்பனிகள் அமெரிக்காவில் விற்ற கார்களுக்கு அதிக எண் எழுதிவிட்டதாக ஒப்புக்கொண்டு, வாங்கியவர்களுக்கு இழப்பீடு கொடுத்தன. 2016இல் மிட்சுபிஷி கம்பனி ஜப்பானில் சுமார் 6 இலட்சத்து 25 ஆயிரம் சிறிய கார்களுக்கு எரிபொருள் சோதனை விவரத்தைத் திருத்தியதாக ஒப்புக்கொண்டது. அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பலமான எஞ்சினுக்குப் பசி ஏன் அதிகம்?

கல்யாண வீட்டில் முப்பது சஹனுக்குச் சோறு ஆக்கும் பெரிய அடுப்பை நினைத்துப் பாருங்கள். அதை மூட்டி ஒரு கோப்பை பிளேன்டீக்குத் தண்ணீர் வைத்தால் என்னவாகும்? தண்ணீர் கொதிக்கும்தான், ஆனால் நெருப்பில் பெரும்பகுதி சும்மா போகும். பலமான எஞ்சினை நெரிசலில் ஓட்டுவதும் ஏறக்குறைய இதுதான். முன்னூறு குதிரை வலுவுள்ள எஞ்சின், வெள்ளவத்தையில் மணிக்குப் பத்து கிலோமீற்றரில் ஊரும்போது அந்த வலுவில் மிகச் சிறிய பங்குதான் வேலை செய்கிறது. ஆனால் எஞ்சினின் உராய்வையும் காற்றை உள்ளே இழுக்கும் சிரமத்தையும் சமாளிக்க அது பெற்றோலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

அகலமான டயர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை, கூடுதல் எடை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். டேர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி. காற்று கூடினால் பெற்றோலும் கூட வேண்டும், சுமார் 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெற்றோல் என்பது கணக்கு. முழு வேகத்தில் மிதிக்கும்போது எஞ்சின் சூடாகிக் கெடாமலிருக்க அதற்கும் மேலாகவே பெற்றோல் ஊற்றப்படும்.

எண்ணிக்கையில் பார்ப்போம். வேகப் பிரியர்கள் நேசிக்கும் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. காரின் 2015ஆம் ஆண்டு மாதிரிக்கு அமெரிக்க அரசின் எண், நகரத்துக்கு லீற்றருக்கு 7.2 கிலோமீற்றர், நெடுஞ்சாலைக்கு 9.8. இன்னும் மேலே போனால், பூகாட்டி வேரோன் என்ற கார் தன் உச்ச வேகத்தில் ஓடினால் 100 லீற்றர் தாங்கி ஏறக்குறைய 12 நிமிடத்தில் காலியாகிவிடும். அஸருக்குப் பாங்கு சொல்லி ஜமாஅத் நிற்பதற்குள் தாங்கி காலி! அது கோடீஸ்வரர்களின் விளையாட்டு. நமக்கு வேண்டியது அதிலுள்ள பாடம்: எந்தக் காருக்கும் ஒரே ஒரு எண் கிடையாது. வீதியும் காலும் சேர்ந்துதான் எண்ணைத் தீர்மானிக்கின்றன.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை

வெள்ளவத்தையில் வீடு, கொட்டாஞ்சேனையில் கடை என்று வைத்துக்கொள்வோம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை, புறக்கோட்டை என்று போனால் சுமார் 10 கிலோமீற்றர். எத்தனை சிக்னல், எத்தனை மஞ்சள் கடவை, எத்தனை பஸ் தரிப்பிடம்! ஒவ்வொரு முறையும் நிற்கிறோம், மறுபடியும் எடுக்கிறோம். பெற்றோல் எரித்து உண்டாக்கிய வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகி வீணாகிறது. அதிலும் 60 கிலோமீற்றர் வேகத்தை எட்டுவதற்கு 30ஐ எட்டுவதைப் போல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு சக்தி வேண்டும். ஆகவே அடுத்த சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரியும்போதே பாய்ந்து போய் நிற்கிறவன், பணத்தைக் கொளுத்திவிட்டு நிற்கிறான்.

நிற்கும்போதும் செலவுதான். இரண்டு லீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருந்தால் மணிக்குச் சுமார் 0.6 லீற்றர் போகும். பெரிய எஞ்சினாக, 4.6 லீற்றர் அளவில் இருந்தால் 1.5 லீற்றர் வரை போகும். இது ஏசி இல்லாத கணக்கு. பாடசாலை வாசலில் எஞ்சினை அணைக்காமல் தினமும் அரை மணி நேரம் காத்திருக்கும் சகோதரிகள் பெருக்கிப் பாருங்கள்: இருபது நாளைக்கு 6 முதல் 15 லீற்றர்!

கொட்டாஞ்சேனைக்குப் போய் வர 20 கிலோமீற்றர். மாதம் 25 நாள் என்றால் 500 கிலோமீற்றர். கணக்கு இலேசாக இருப்பதற்கு லீற்றர் 300 ரூபா என்று வைப்போம். அச்சிட்ட 9.8 என்ற எண்ணின்படி மாதச் செலவு சுமார் 15,300 ரூபா. நெரிசலில் அது 5 ஆகக் குறைந்தால் 30,000 ரூபா. லீற்றருக்கு 12 கொடுக்கும் சின்னக் கார் என்றால் 12,500 ரூபா. பலமான எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் 95 ஒக்டேன் பெற்றோல்தான் ஊற்ற வேண்டும்; அதன் விலை 92ஐ விடக் கூடுதல் என்பதையும் மறக்க வேண்டாம். 92 போதும் என்று சொல்லப்பட்ட காருக்கு 95 ஊற்றினால் கூட ஓடும் என்பதும் தவறான எண்ணம்.

2022 கற்றுத் தந்தது

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. 2022இல் நாடே இதைப் படித்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபா ஆனது. 95 ஒக்டேன் 550 ஆனது. நம் ஆண்மக்கள் இரவு பகலாக வரிசையில் காத்துக் கிடந்தார்கள். வரிசையிலேயே உயிர் பிரிந்தவர்களும் உண்டு. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று பங்கிட்டார்கள். 2023 செப்டெம்பர் முதலாம் திகதிதான் அந்த முறை நிறுத்தப்பட்டது.

அந்த 20 லீற்றர் எல்லாக் காருக்கும் ஒன்றுதான். லீற்றருக்கு 15 ஓடும் காருக்கு அது 300 கிலோமீற்றர். 5 ஓடும் காருக்கு வெறும் 100. டேர்போவின் பெருமை அந்த நாட்களில் யாருக்கும் உதவவில்லை. கர்ப்பிணிப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாங்கியில் எத்தனை லீற்றர் மிச்சம் என்பதே கேள்வியாக இருந்தது. நம் நாட்டில் பெற்றோலியம் எடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு துளியும் டொலர் கொடுத்து வாங்குவது. அந்த டொலரில் ஒரு பங்கு, வளைகுடாவில் வெயிலில் நிற்கும் நம் சகோதர சகோதரிகளின் வியர்வை.

வீட்டிலேயே அளக்கலாம்

இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

1. தாங்கியை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக முதல் தடவை நின்றதும் போதும். மேலும் திணிக்க வேண்டாம். கிலோமீற்றர் மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த முறையும் முடியுமானால் அதே இடத்தில் அதேபோல் நிரப்புங்கள்.

3. ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரால் பிரியுங்கள். 412 கிலோமீற்றர் ஓடி 38 லீற்றர் பிடித்தால் 10.8. மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால் அதுதான் உங்கள் காரின் உண்மையான எண். முகப்புத் திரையில் தெரிவதை விட இதையே நம்புங்கள்.

கார் வாங்கும் முன்பும் இதைச் செய்யலாம். அதே ரகக் காரைக் கொழும்புக்குள் ஓட்டும் உறவினர் ஒருவரிடம் இப்படி அளந்து தரும்படி கேளுங்கள். "நல்லா ஓடுது" என்ற பதில் போதாது, எண் வேண்டும்.

கையிலிருக்கும் காரிலும் மிச்சம் பிடிக்க வழியுண்டு. டயர்க் காற்றை மாதம் ஒரு முறையேனும் பாருங்கள். டிக்கியில் கிடக்கும் வேண்டாத சாமான்களை இறக்குங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதென்றால் எஞ்சினை அணையுங்கள். பக்கத்துக் கடைக்கு நடந்து போங்கள். குளிர்ந்த எஞ்சின் சிறு தூரத்துக்குத்தான் அதிகம் குடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மிதியை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில், முரட்டுத்தனமாக ஓட்டுவது பத்து முதல் நாற்பது சதவீதம் வரை எரிபொருளைக் கூட்டும் என்கிறது அமெரிக்க அரசின் ஆய்வு.

நம் மார்க்கத்தில் இஸ்ராஃப் என்ற வீண்விரயம் பணக்காரனுக்கும் ஆகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரு கை நிறையும் 'முத்' அளவு தண்ணீரில் வுழூச் செய்ததாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. அது ஒரு லீற்றர்கூட வராது. இபாதத்துக்கே அந்த அளவென்றால், நெரிசலில் உறுமுவதற்கு எத்தனை லீற்றர் ஆகும்? லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன உபதேசங்களைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. பெருமையோடு நடக்காதே, நடையில் நடுநிலையைப் பேணு என்பது அவற்றில் அடங்கும். நடைக்குச் சொன்னது சக்கரத்துக்கும் பொருந்தும் அல்லவா?

ஆகவே தாய்மாரே, பிள்ளையின் ஆசையை முகத்தில் அறைந்தாற்போல் மறுக்க வேண்டாம். வாகனமும் அல்லாஹ்வின் நிஃமத்துத்தான். நல்ல கார் வைத்திருப்பது பாவமல்ல. ஆனால் ஒரு கொப்பியை எடுத்து அவன் கையிலேயே கொடுங்கள். மாதக் கணக்கை அவனே எழுதட்டும். தன் உழைப்பில் பெற்றோல் ஊற்றும் நாள் வரும்போது, அந்தக் கொப்பி அவனுக்கு நல்ல தோழனாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளின் பயணங்களில் பாதுகாப்பையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.