மங்கில் நின்ற மழை

ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கும் கோப்பைக்கு மலேசியத் தமிழர் வைத்திருக்கும் பெயர் மங்கு. மரத்தைச் சுற்றிய கம்பியில் அது உட்கார்ந்திருக்கும். வெட்டு நடக்கும் நாளில் அதில் தண்ணீர் நிற்க வழியில்லை. விடியலில் துடைத்து வைத்து, கோடு வெட்டி, நண்பகலுக்குள் பாலை வாளியில் ஊற்றிவிடுவார்கள். மழை வந்தால் வெட்டு இல்லை. விலை சரிந்தால் மாதக்கணக்கில் வெட்டு இல்லை. அப்போது மங்கு மட்டும் வாயைத் திறந்தபடி மரத்தில் இருக்கும். ஏக்கருக்கு நூறு மரத்துக்கு மேல், மரத்துக்கு ஒரு மங்கு. மழைக்கு அடுத்த வாரம் அதற்குள் குனிந்து பார்த்தால் அரிசி நீளத்தில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். நம் நிழல் பட்டதும் நெளிந்து அடியில் போய் ஒளியும்.

2008-ல் ஜொகூரில் தொடங்கி மலேசியா முழுவதும் பரவிய சிக்குன்குனியாவைப் பற்றிப் பேச நான் மங்கிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நோயைப் பற்றி அன்றும் இன்றும் முதலில் எழும் கேள்வி, யார் கொண்டுவந்தது என்பதுதான். அதற்கு விடையும் இருக்கிறது: இந்தியாவிலிருந்து வந்த ஒரு பயணி. விடை சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

இந்தியாவிலிருந்து இந்த வைரஸ் மலேசியாவுக்குள் அதற்கு முன்பே ஒருமுறை வந்திருந்தது. 2006 டிசம்பரில், பேராக்கின் கிந்தா வட்டாரத்தில் சிலருக்குக் காய்ச்சல் கண்டது. இந்தியாவிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து தொற்றியது என்று கண்டறியப்பட்டு, அங்கேயே அடங்கிப்போனது. ஒன்றரை ஆண்டுக்குள் அதே நாட்டிலிருந்து, அதே குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ் ஜொகூருக்குள் வந்தது. இம்முறை அடங்கவில்லை. மாநிலம் மாநிலமாகத் தாவி 10,000 பேருக்கு மேற்பட்டோரை முடக்கிப்போட்டது. பயணி இரண்டு தடவையும் வந்தார். வேறு ஏதோ ஒன்று மாறியிருந்தது.

மாறியது எது என்று பார்க்க ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் போக வேண்டும். 2008 ஜனவரியில் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய கிளைவ் ஸ்திரீட்டில், உள்ளூரிலேயே தொற்றிய முதல் சிக்குன்குனியா நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். மொத்தம் 13 பேர். அக்கம்பக்கத்தில் ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்தைச் சோதித்து, வீடு வீடாகத் தண்ணீரைக் கவிழ்த்து அதை அணைத்துவிட்டார்கள். அந்த ஆண்டின் நடுவில் நோய் திரும்ப வந்தபோது கதை வேறாக இருந்தது. ஜொகூரைப் பார்த்தாற்போல் கிடக்கும் கிராஞ்சிப் பக்கத்துப் பண்ணைகளிலும் பசுமைப் பகுதிகளிலும் கொத்துக்கொத்தாக நோயாளிகள். ஆண்டு முடிவில் எண்ணிக்கை 700-ஐத் தாண்டியது. ஒரே தீவு, ஒரே ஆண்டு, ஒரே அரசு இயந்திரம்.

இரண்டு வைரஸ்களின் மரபணுவையும் படித்தபோது விடை கிடைத்தது. வைரஸின் மேலுறையில் இருக்கும் இ1 என்ற புரதத்தின் 226-வது இடத்தில், கிளைவ் ஸ்திரீட் வைரஸில் அலனின் என்ற அமினோ அமிலம் இருந்தது. பின்னால் வந்ததில் அந்த இடத்தில் வாலின். ஓர் எழுத்துப் பிழை அளவுக்கு மாற்றம். லிட்டில் இந்தியாவில் பரப்பியது வீட்டுக்குள் வாழும் ஏடிஸ் எஜிப்தி. பின்னால் பரப்பியது தோட்டத்திலும் புதரிலும் வாழும் ஏடிஸ் அல்போபிக்டஸ், அதாவது புலிக்கொசு. அந்த ஒற்றை மாற்றம் புலிக்கொசுவின் உடலில் வைரஸ் பன்மடங்கு எளிதாகக் குடியேற வழி செய்தது. 2005-06-ல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்கவைத்தது இதே மாற்றம் கொண்ட வைரஸ்தான். 2006-ல் இந்தியாவில் ஏறத்தாழ 14 இலட்சம் பேரைத் தாக்கியதாகக் கணக்கிடப்பட்ட வைரஸில் அது இல்லை. 2007-ல் கேரளத்தில் தென்பட்டது. அதே ஆண்டு, கேரளத்திலிருந்து இத்தாலிய கிராமமொன்றுக்கு உறவினரைப் பார்க்கப் போன ஒருவர் வழியாக அங்கே 200 பேருக்கு வந்தது. அங்கேயும் காத்திருந்தது புலிக்கொசு; பழைய டயர்களில் முட்டையாகக் கப்பலேறி ஐரோப்பா போனது அது.

கேரளத்தில் அந்த ஆண்டு அடிபட்டவை பெரும்பாலும் பத்தனம்திட்டா, கோட்டயம் போன்ற ரப்பர் மாவட்டங்கள். அங்கே பால் பிடிக்கச் சிரட்டையும் உண்டு, பிளாஸ்டிக் கோப்பையும் உண்டு. மழைக்காலத்தில் அவற்றுக்குள் புலிக்கொசு பெருகியதை ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். ரப்பர் மரம் அமேசானில் பிறந்தது. மலாயாவின் பெருந்தோட்டங்களில் அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். கேரளத்துச் சிரட்டைக்குள் தன்னைத் திருத்திக்கொண்ட வைரஸுக்கு ஜொகூர் அந்நிய நிலமே இல்லை. சிகாமட்டிலும் குளுவாங்கிலும் அதே மரம், அதே நிழல், அதே கொசு. ஜொகூரில் முதல் புழு எந்தக் கலத்தில் இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. பூந்தொட்டித் தட்டாகவும் இருந்திருக்கலாம், பழைய டயராகவும் இருந்திருக்கலாம். கலம் தயாராக இருந்தது என்பதே செய்தி.

ஒரு சந்தேகம் எழும். புலிக்கொசு தென்கிழக்காசியாவின் சொந்தக் கொசு. சிக்குன்குனியாவும் இங்கே புதிதல்ல. 1998-ல் கிள்ளான் துறைமுகத்தில் 51 பேருக்கு, 2006-ல் பேராக் கடலோரத்து மீனவ ஊரான பாகான் பஞ்சோரில் இருநூறு பேர் அளவில் என்று வந்து போயிருக்கிறது. அப்போதெல்லாம் ஏன் நாடு முழுக்கப் பரவவில்லை? 2011-ல் வெளியான ஆய்வொன்று இதற்கு அழகான விடை சொன்னது. அப்போது வந்த, ஆசியாவில் பல பத்தாண்டுகளாகத் திரிந்த பழைய கிளையில், இ1 புரதத்தின் 98-வது இடத்தில் வேறோர் அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அது அங்கே இருக்கும்வரை 226-ல் மாற்றம் வந்தாலும் பயன் கிட்டாது. சாவி கையில் இருந்தும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்த வீடு மாதிரி. 2008-ல் வந்த ஆப்பிரிக்கக் கிளைக்கு அந்தத் தாழ்ப்பாள் இல்லை.

இதைச் சொல்லும்போதே ஒரு கடிவாளமும் போட வேண்டும். கிந்தாவில் அடங்கியதற்கும் ஜொகூரில் அடங்காததற்கும் முழுக் காரணம் ஓர் அமிலம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. கிந்தாவில் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், அதிர்ஷ்டமும் உண்டு. இரண்டே நிகழ்வுகளை வைத்து விதி எழுதினால் புள்ளியியல் படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஆய்வுக்கூடமும் ரீயூனியனும் கேரளமும் கிராஞ்சியும் ஒரே பக்கம் கைகாட்டும்போது அதைப் புறக்கணிப்பதும் அறிவல்ல.

எந்தக் கொசு என்று தெரியாமல் மருந்தடிப்பது வீண் என்பதை மலாயா நூறாண்டுக்கு முன்பே, பெரும்பாலும் தமிழர் உயிரைக் கொடுத்து, கற்றுக்கொண்டது. 1901-ல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், கடலோரத் தாழ்நிலத்தில் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்ததும் மலேரியா குறைந்ததைக் கண்டார். அதே வைத்தியத்தை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது மலேரியா ஏறியது. தாழ்நிலத்துக் கொசு நிழல் தேடுவது. மலையோடையின் கொசு வெயில் பட்ட தெளிநீரை விரும்புவது. மரத்தை வெட்டி வெயிலை இறக்கியதும் அதற்கு விருந்து. லயங்களில் கூலிகள் செத்த கணக்கிலிருந்துதான் இந்த வேறுபாடு பிடிபட்டது.

2008-லும் அதே தவறு நடந்திருக்கக்கூடும். டிங்கிக்குப் பழகிய கை வீட்டைச் சுற்றிப் புகையடிக்கும். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். மங்கில் இருக்கும் புழுவைத் தொடாது. புலிக்கொசுவோ வீட்டுக்கு வெளியே, பகலில் கடிப்பது.

பயணி கேள்விக்கு மீண்டும் வருவோம். கப்பல் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். சிக்குன்குனியா வைரஸ் மனித இரத்தத்தில் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு இருப்பதும் ஏறக்குறைய ஒரு வாரம்தான். கப்பலேறும்போது காய்ச்சல் கண்டவர் இறங்கும்போது ஏறத்தாழ ஆபத்தில்லாதவர். 1964-ல் சென்னை நகரில் மட்டும் இலட்சக்கணக்கானோருக்கு இந்நோய் வந்தது. அன்று மலாயாவுக்கு வந்தவர்களுக்குக் கடலே தடுப்புமுகாம். இன்று விமானம் நான்கு மணி நேரம். ஜொகூர் பாலத்தில் நாளொன்றுக்கு மூன்று இலட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். இவ்வளவு பேரில் காய்ச்சல் வருமுன்னே வைரஸைச் சுமப்பவரை வாசலில் பிடிக்கும் கருவி எந்த நாட்டிடமும் இல்லை. பிறகு எதற்கு ஒவ்வொரு முறையும் அயல்நாட்டுத் தொழிலாளியின் முகத்தில் விளக்கை அடிக்கிறோம்? தொண்ணூறு ஆண்டுக்கு முன் அந்த விளக்கு நம் தாத்தாக்களின் முகத்தில் இருந்தது.

வாசலில் பிடிக்க முடியாததை ஊருக்குள் எண்ணலாம். பாகான் பஞ்சோரில் பின்னர் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டோரிடம் சிக்குன்குனியா எதிர்ப்பொருள் இருந்தது. ஜொகூரிலேயே, சிகாமட்டில், மோனாஷ் பல்கலைக்கழகம் 2011 முதல் சியாக்கோ என்ற சமூக ஆய்வகத்தை நடத்திவருகிறது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் என்று வீடு வீடாகப் போய் ஆண்டாண்டாக ஒரே மக்களைப் பின்தொடரும் வேலை. அங்கே நடந்த ஒரு முன்னோடி ஆய்வில் பெரியவர்கள் பத்துப் பேரில் எட்டுக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் டிங்கியின் தடம் இருந்தது. டிங்கி நகரத்து நோய் என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. மருத்துவமனைப் பதிவேடு வந்தவர்களை மட்டுமே எண்ணும். இரத்தம் வராதவர்களையும் எண்ணும்.

இந்த எண்ணிக்கை இப்போது அவசரம். 2025-ல் ரீயூனியனில் சிக்குன்குனியா மறுபடி வெடித்தது. சீனாவின் ஃபோஷான் நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. 2008 அலைக்குப் பின் ஜொகூரில் பிறந்த பிள்ளைகள் இன்று இடைநிலைப் பள்ளிவரை எட்டிவிட்டார்கள். அந்த அலை அவர்களைத் தொட்டதில்லை. வாரந்தோறும் டிங்கி எண்ணிக்கை நாளேட்டில் வருகிறது, எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று. எந்தக் கலத்தில் புழு கிடைத்தது, எந்தக் கொசுவின் புழு என்பது அரிதாகவே வருகிறது. பரிசோதகரின் தாளில் அது இருக்கத்தான் செய்கிறது: வாளி, டயர், கூரைப் பீலி, பூந்தொட்டி, மங்கு. எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அந்த ஒரு வரியையும் அச்சிடட்டும். கைவிட்ட சிறுதோட்டத்தின் சொந்தக்காரர் அதைப் படித்துவிட்டு, மரத்துக்கு மரம் போய் மங்கைக் கவிழ்க்க அரை நாள் போதும்.