மிஞ்சியதா, முறையான பங்கா?

மாநகரம் என்ற பட்டம் கல்முனைக்கு 2001ஆம் ஆண்டில் கிடைத்தது. பட்டத்தைத் தொடர்ந்து பொறுப்புகளும் வந்தன. வீதி, விளக்கு, குப்பை, வடிகால், சந்தை ஆகிய யாவும் மாநகர சபையின் கடமைகள் என்பதை எவரும் மறுப்பதில்லை. இவற்றுள் ஒன்று குறைந்தால் மக்கள் உடனே குரல் எழுப்புகின்றனர். ஆனால் பொது நூலகத்தில் ஓராண்டு முழுவதும் ஒரு புதிய புத்தகம் வாங்கப்படாவிட்டால் கேட்பார் யார்? குப்பை நாறும், ஊர் அறியும். அறியாமை நாறுவதில்லை, ஆதலால் அது தங்கிவிடுகிறது.

நூலகம் யாருக்கு வேண்டும் என்று கேட்பாரும் உளர். வசதி படைத்தவன் வீட்டிலே புத்தகம் இருக்கிறது. கையிலே தொலைபேசி இருக்கிறது. மருதமுனையில் தறி நெய்யும் தொழிலாளியின் மகளுக்கும், சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுப்பவரின் மகனுக்கும், பாண்டிருப்பில் ஒற்றை அறை வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும் என்ன இருக்கிறது? அமைதியான ஒரு மேசை, ஒரு விளக்கு, கேட்ட நூலை எடுத்துத் தர ஓர் ஆள் என்னும் இம்மூன்றையும் காசு கேளாமல் கொடுக்கக் கூடிய இடம் ஊரிலே ஒன்றுதான் உண்டு. அது பொது நூலகம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. புத்தக விலை ஏற ஏற, நூலகத்தின் தேவை ஏழைக்கு மட்டுமன்றி நடுத்தரக் குடும்பத்துக்கும் ஏறுகிறது.

இப்பகுதி நூலை அறியாத பகுதியுமன்று. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூலை 1947இல் தந்தார். மருதமுனை புலவர்மணி ஷரிபுத்தீனைத் தந்தது. பெரிய நீலாவணை கவிஞர் நீலாவணனைத் தந்தது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது, அக்கொடுமையைக் கவிதையாக்கி உலகறியச் செய்தவர் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான். வடக்கின் நூலகம் எரிந்ததைத் தன் வீடு எரிந்ததாக உணர்ந்த மண் இது. அந்த மண்ணிலே, தன் நூலகங்கள் தீயின்றியே மெலிவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

நோயின் மூலத்தைச் சொல்லுவோம். மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் நூலகம் அமைக்கச் சபைக்கு அதிகாரம் தருகிறது. வருவாயில் இத்தனை பங்கை நூலகத்துக்குச் செலவிடு என்று அது கட்டளையிடுவதில்லை. உத்தியோகத்தரின் சம்பளத்துக்கு அரசின் மானியம் வருகிறது. சோலை வரியும் சந்தை வருமானமும், மாகாண சபை வழியாக வரவேண்டிய முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் சபையின் மற்றைய செலவுகளைத் தாங்க வேண்டும். அவை பிந்தினாலும் குறைந்தாலும் முதலில் வெட்டப்படுவது எது? சம்பளத்தை வெட்ட முடியாது. குப்பை வண்டியின் எரிபொருளை வெட்ட முடியாது. புத்தகம் வாங்கும் தொகையை வெட்டலாம். அதற்காக எந்தச் சங்கமும் வேலைநிறுத்தம் செய்யாது. இவ்வாறு எல்லாச் செலவும் போக மிஞ்சியது நூலகத்துக்கு என்ற நிலை வந்துவிடுகிறது. மிஞ்சுவது எப்போதும் உண்டா?

கட்டடத்துக்குக் கொடையாளர் கிடைப்பர். பெயர்க் கல்லும் திறப்பு விழாவும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. வீடுகளோடு வீடுகளிலிருந்த நூல்களும் போயின. பின்னர் உலகெங்கிலுமிருந்து உதவி வந்தது. பல கட்டடங்கள் எழுந்தன. நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் கொடையாளர் ஒருமுறை வருவார். புத்தகச் செலவு ஆண்டுதோறும் வரும்.

இதனை அமெரிக்கச் செல்வர் கார்னகி நன்கு உணர்ந்திருந்தார். உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்கு அவர் பணம் கொடுத்தார். கொடுக்குமுன் ஒரு நிபந்தனை விதித்தார். நிலத்தை ஊர் தர வேண்டும். கொடைத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊர் தன் வரியிலிருந்து நூலகத்துக்கு ஒதுக்க வேண்டும். இங்கிலாந்தின் 1850ஆம் ஆண்டுச் சட்டமோ நூலகத்துக்கு அரைப் பென்னி வரி விதிக்க இடங்கொடுத்தது. அப்பணத்தில் புத்தகம் வாங்க இடங்கொடுக்கவில்லை! ஐந்தாண்டு கழித்து அத்தவறு திருத்தப்பட்டது. சுவரைக் கட்டிவிட்டு நூலை மறப்பது பழைய நோயே.

நமது நாகரிகத்துக்கும் இது புதிதன்று. இஸ்லாமிய உலகின் பெருநூலகங்கள் பல வக்புச் சொத்துகளின் வருமானத்தால் நிலைபெற்றன. கடை வாடகையும் தோட்ட விளைவும் ஏடெழுதுவோருக்கும் நூல் காப்போருக்கும் ஊதியமாயின. நிலையான வருவாயின்றி நிலையான அறிவாலயம் இல்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் ஒரு பாடம் உண்டு. அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் முயற்சியால் சென்னை மாகாணம் 1948இல் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவிலே அதுவே முதலாவது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி தண்டப்படுகிறது. இன்று தமிழ்நாட்டில் அது ரூபாய்க்குப் பத்துப் பைசா. அங்கும் குறை இல்லாமலில்லை. நூலகத்தின் பெயரால் மக்களிடம் பெற்ற பணத்தை உள்ளூராட்சி மன்றங்கள் நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிக்காமல் நிலுவை வைத்த முறைப்பாடு பலமுறை எழுந்தது. ஆகவே வரி விதித்தால் மட்டும் போதாது. அது தனிக் கணக்கில் சேர வேண்டும். அக்கணக்கு மக்கள் கண்ணில் பட வேண்டும்.

செல்வம் கொழிக்கும் நியூயோர்க் நகரிலும் 2023 நவம்பரில் நிதி வெட்டினால் நூலகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மூடப்பட்டன. மக்கள் வாளாவிருக்கவில்லை, நகர சபை உறுப்பினர் மேயரோடு வாதாடினர். 2024ஆம் ஆண்டின் நடுவில் ஐந்து கோடியே எண்பத்து மூன்று இலட்சம் டாலர் மீண்டது. ஞாயிற்றுக்கிழமைக் கதவுகளும் திறந்தன. வாதாடுவதற்குத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இருந்ததால் அது முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கல்முனையிலோ, 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் நாள் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, வழக்கின் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடைபெறவில்லை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வெளியாகி, சில நாட்களுக்குள்ளேயே அது இடைநிறுத்தப்பட்ட கதையையும் ஊர் அறியும். எல்லை எங்கே விழ வேண்டும் என்பதில் இன்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. எல்லை எங்கே விழுந்தாலும், எழுத்தறியும் பருவத்துக் குழந்தை வழக்கு முடியும்வரை வளராமல் காத்திருக்குமா? மக்கள் பிரதிநிதி இல்லாத காலத்தில், பாதீட்டில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதை உத்தியோகத்தரே தீர்மானிப்பர். அவர்களிடம் கேள்வி கேட்க வேண்டிய கடமை அப்போது பத்திரிகைக்கும் மக்களுக்கும் இரட்டிப்பாகிறது.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, சோலை வரியில் ஒரு குறிப்பிட்ட பங்கு நூலகத்துக்கென ஒதுக்கப்பட்டுத் தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். கட்டடத்துக்கு எவ்வளவு, நூலுக்கு எவ்வளவு, சேவைக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் நூலக வாயிலிலேயே எழுதி ஒட்ட வேண்டும். இரண்டாவது, வேலை முடித்து வருவோருக்கும் மாணவருக்கும் பயன்படும்படி மாலையில் நூலகம் திறந்திருக்க வேண்டும். பெண்களும் சிறுவரும் தயக்கமின்றி வந்து அமர இடம் வேண்டும். மூன்றாவது, இக்கரையோர எழுத்தாளரின் நூல்களும் சஞ்சிகைகளும் ஓரிடத்தில் சேர்க்கப்பட வேண்டும். 2005 முதல் ஈழத்து ஏடுகளை எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனத்தின் முயற்சி இதற்கு வழிகாட்டும். நான்காவது, பாராளுமன்றம் பொது நூலகங்களின் நிதிக்கென ஒரு சட்டம் இயற்ற வேண்டும். இப்பகுதியின் உறுப்பினர்கள் இதனை அங்கே எழுப்ப வேண்டும்.

வரி செலுத்துவோருக்கும் ஒரு சொல். சோலை வரியை நிலுவை வைத்துக்கொண்டு நூலகத்தில் புத்தகம் இல்லையே என்று குறைகூறுவது நியாயமாகாது. கணக்கைக் காட்டு என்று கேட்கும் உரிமை, வரியைக் கட்டியவன் வாயிலிருந்து வரும்போதே வலிமை பெறும்.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில், செயலகத்துக்கும் சபைக்கும் எல்லை கேட்டு நாம் பிரிந்து நிற்கிறோம். நூலகத்தின் மேசையில் மட்டும் இரு சாராரின் பிள்ளைகளும் ஒரே மொழியில் ஒரே நூலைப் படிக்கின்றனர். தமிழ் பேசும் மக்களுக்குப் பொதுவாக எஞ்சியுள்ள இடங்கள் அதிகமில்லை. அவ்விடத்துக்கு மிஞ்சியதைப் போடாதீர். முறையான பங்கைக் கொடுங்கள். அடுத்த பாதீடு எழுதப்படும்போது நூலகத்துக்கு எதிரே என்ன தொகை எழுதப்படுகிறது என்பதைக் கல்முனை கேட்டறிய வேண்டும். நாமும் கேட்போம்.